"சமபந்தி" என்று போர்டு வைத்தால் சமமாகிவிடுமா? ஒருமைப்பாடும் பந்தி வரிசையும்

#1 | பூசத்துறை

அன்பர்களுக்கு வந்தனம். எங்கள் பக்கத்துச் சன்மார்க்க சங்கம் மாதப் பூசந்தோறும் மதியச் சாப்பாடு போட முடிவு செய்திருக்கிறது. 200 பேர் எதிர்பார்ப்பு. வாடகை மண்டபம், பந்திப்பாய், வாழையிலை. இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று, அளவு. இரண்டு, கமிட்டியில் ஓயாத ஒரு வாக்குவாதம். ஒரு தரப்பு "அருட்பெருஞ்ஜோதி முன்னால் எல்லாரும் ஒன்று, சமபந்தி என்று போர்டு வைத்துவிட்டால் போதும்" என்கிறது. இன்னொரு தரப்பு, வாசலிலேயே "புலை கொலை தவிர்த்தவர் மட்டும்" (அதாவது புலால் உண்பதையும் உயிர்க்கொலையையும் விட்டவர் மட்டும்) என்றும் எழுத வேண்டும் என்கிறது. வள்ளலார் இதை எப்படி ஏற்பாடு செய்தார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தத்துவம் மட்டும் வேண்டாம், நடைமுறையும் வேண்டும்.

#2 | அண்டாகுண்டா

அளவை முதலில் முடித்துவிடுவோம்.

சோறு, சாம்பார், பொரியல், ரசம், மோர் என்று இலைச்சாப்பாடு என்றால் ஒரு கிலோ புழுங்கலரிசிக்கு 8 பேர். உடலுழைப்புக்காரர்கள் அதிகம் வரும் இடம் என்றால் 7 பேர். ஆக 28 கிலோ எடுத்துவையுங்கள். துவரம்பருப்பு 5 கிலோ, சாம்பாருக்குக் காய் 10 கிலோ, பொரியலுக்கு 14 கிலோ (கோஸ் என்றால் 16, தண்டும் மேல்மடலும் கழிந்துபோகும்). புளி இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. தயிர் 10 லிட்டர் வாங்கினால் நீர்மோராக 30 லிட்டர் வரும்.

28 கிலோவையும் ஒரே உலையில் போடாதீர்கள். 7 கிலோ வீதம் நான்கு உலை. முதல் உலை பந்தி உட்கார அரை மணிக்கு முன்னால் இறங்கட்டும், மற்றவை ஒவ்வொரு பந்திக்கும் ஒன்றாக. காலை 8 மணிக்கே வடித்து அண்டாவில் மூடி வைத்த சோறு 1 மணிக்கு நசநசவென்று ஆகிவிடும். நாலு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. கூட்டமாகச் சாப்பாடு போடுகிறவர்களிடம் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கேட்பார்கள், அதையும் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி சமத்துவக் கணக்கு. 50 இலை ஒரு பந்தி, இலை எடுத்துத் துடைத்து அடுத்த இலை போடுவதோடு சேர்த்து 30 நிமிடம். நான்கு பந்தி, இரண்டு மணி நேரம். இதில் நான்காவது பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். தூரத்திலிருந்து நடந்து வந்தவர், வாசலில் தயங்கி நின்றவர், துப்புரவு வேலை முடித்து வந்தவர், பரிமாறிய ஆட்கள். அவர்களுக்குத்தான் சாம்பாரில் வெந்நீர் ஊற்றிப் "பெருக்கி" விடுவார்கள், பொரியல் தீர்ந்திருக்கும், அப்பளம் இருக்காது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பாத்திரம் ஒன்றாக இருந்தால் தானாக அப்படித்தான் முடியும்.

மருந்து எளிது. சமையல் முடிந்ததும் சாம்பாரை 10 லிட்டர் வீதம் நான்கு தூக்குப் பாத்திரத்தில் பிரித்து, 1, 2, 3, 4 என்று சாக்பீஸால் எழுதி மூடுங்கள். பொரியலும் அப்படியே. முதல் பந்திக்குப் பற்றவில்லையா, ரசத்தை ஊற்றுங்கள். 4 என்று எழுதியதைத் திறக்கக்கூடாது.

#3 | உரைநடை_விரும்பி

சாக்பீஸ் யோசனை அருமை. வள்ளலார் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் 1867 மே 23 அன்று (வைகாசி 11) வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், அதே ஆழம். ஞானசபை திறந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசம். இந்த வரிசையைக் கவனியுங்கள். சோறு முதலில், ஐந்து வருஷம் கழித்துத்தான் வழிபாட்டு இடம். நம் சங்கங்களில் பெரும்பாலும் தலைகீழ். முதலில் ஜோதிமண்டபம் கட்டி, மிஞ்சினால் சோறு.

அவர் பசியை விளக்குகிற உரைநடைப் பகுதியைத் தத்துவம் வேண்டாம் என்பவர்கள்கூடப் படிக்க வேண்டும். பசி வந்தால் அறிவு மங்குகிறது என்று தொடங்கி, கண் பஞ்சடைந்து குழிந்துபோவது, காது கும்மென்று அடைப்பது, நாக்கு வறள்வது, தோல் மெலிந்து உணர்ச்சி குறைவது, கை கால் சோர்ந்து துவள்வது, குரல் கம்மி மாறுவது என்று உறுப்பு உறுப்பாக வைத்தியர் குறிப்பு எழுதுவதுபோல் எழுதிக்கொண்டு போகிறார். அந்தப் பட்டியலில் எந்த உறுப்புக்கும் குலம் கிடையாது. எல்லா உயிருக்கும் பொதுவான ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் ஆன்மாவைக் காட்டி நிரூபிப்பது கடினம். குழிந்த கண்ணைக் காட்டிவிடலாம். அதனால்தான் அவர் ஒருமைப்பாட்டை அங்கிருந்து பிடித்தார் என்பது என் வாசிப்பு.

#4 | உபநிடத_வாசகன்

மன்னிக்கவும், "எல்லாம் ஒன்று" என்பது 19ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல. அத்வைதம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சொல்வதுதான். காசியில் வழிமறித்த சண்டாளன் "எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா ஆன்மாவையா" என்று கேட்டதாகச் சங்கரர் பேரில் வழங்கும் கதையை எல்லாரும் அறிவோம். வள்ளலார் அதைத் தமிழில் எளிமையாக்கினார், அவ்வளவே.

#5 | உரைநடை_விரும்பி

#4 ஐயா, அந்தக் கதை நல்ல கதை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு காசியில் எந்தப் படித்துறை பொதுவாயிற்று? அத்வைதத்தில் பாரமார்த்திகம், வியாவகாரிகம் என்று இரண்டு தளம். உண்மையில் பேதமில்லை, நடைமுறையில் பேதம் இருக்கலாம். இந்த இரண்டு தளத்துக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் தனிக்கிணறும் தனித்தெருவும் நிம்மதியாக இருந்தன.

சொல்லாட்சியில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வள்ளலார் சொல்வது "ஆன்மநேய ஒருமைப்பாட்டு உரிமை". "ஏகம்" அல்ல. ஒரு சகோதரன் துன்பப்படும்போது இன்னொரு சகோதரனுக்கு உருக்கம் வருவது சகோதர உரிமை, அதுபோல உயிர்களுக்குள் ஆன்ம உரிமை என்று வாதம் போகிறது. நானும் நீயும் ஒன்றேதான் என்றால் பசித்தவன் என்று எதிரே ஒருவன் இல்லை. நானும் நீயும் உறவு என்றால் எதிரே ஒருவன் இருக்கிறான், அவனுக்கு என் பானையில் பாத்தியதை இருக்கிறது. முன்னதை வைத்துத் தியானம் செய்யலாம். பின்னதை வைத்துத்தான் உலை வைக்க முடியும்.

"ஒத்தாரும் உயர்ந்தாரும் தாழ்ந்தாரும் எவரும் ஒருமை உளராகி உலகியல் நடத்தல் வேண்டும்" என்ற அவர் வரியிலும் இது தெரியும். தாழ்ந்தார் என்று யாரும் இல்லை என்று அவர் மழுப்பவில்லை. உலகம் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, நடத்த வேண்டியது உலகியலை என்கிறார். வரி போய்ச் சேர்வது உலகியலில்தான், மோட்சத்தில் இல்லை.

#6 | உபநிடத_வாசகன்

#5 இடைவெளி இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அத்வைதத்துக்குள்ளிருந்தே அதை மூட முயன்றவர்களும் உண்டு. விவேகானந்தர் ஏழையையே நாராயணன் என்று சொல்லி 1897இல் ராமகிருஷ்ணா மிஷனைத் தொடங்கினார். கேரளத்து நாராயண குரு அத்வைதி. அருவிப்புரத்தில் 1888இல் சிவலிங்கத்தை நிறுவியபோது, ஜாதிபேதமும் மதத்துவேஷமும் இல்லாமல் எல்லாரும் சகோதரராக வாழும் முன்மாதிரி இடம் இது என்று எழுதி வைத்தாரே! ஏகம் என்றால் உலை வைக்க முடியாது என்பது மிகை.

#7 | உரைநடை_விரும்பி

சரி, அந்த வாக்கியத்தை விட்டுக்கொடுக்கிறேன். "உலை வைக்கத் தனியாக ஒரு நாராயண குரு வர வேண்டியிருந்தது" என்று திருத்திக்கொள்ளலாமா? :)

#8 | முத்திரிக்கிணறு

நாராயண குரு வந்துவிட்டார், தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851) அன்றைய திருவிதாங்கூரில் செய்ததைப் பேசாமல் இந்த இழை முடியக்கூடாது. வள்ளலாரின் தருமச்சாலைக்குக் குறைந்தது 16 வருஷம் முந்தியது.

சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு. கிணற்றைச் சுற்றித்தான் அன்றைக்குத் தீட்டு விதிகளின் பிடி இருந்தது, அதனால் கிணற்றிலேயே கை வைத்தார். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளித்து, அதே தண்ணீரைக் குடித்து, பிறகு சேர்ந்து உண்ண வேண்டும். பதிக்கு (அய்யாவழி வழிபாட்டிடம்) போகிறவர்கள் இன்றும் முதலில் அங்கே தண்ணீர் ஊற்றிப் பதமிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அடுத்து தொட்டுநாமம். பணிவிடைக்காரர் விரலால் நெற்றியைத் தொட்டு வெள்ளை நாமத்தைக் கீழிருந்து மேலாக இழுப்பார். திருநீற்றைத் தூரத்திலிருந்து கையில் போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தொட்டவருக்கும் தொடப்பட்டவருக்கும் தெரியும். பல அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி தூரம் வைத்திருந்த நாட்டில் அது சின்ன விஷயமல்ல.

பதிக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் போக வேண்டும். கோயில் என்றால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக் குனி என்பது மற்ற இடங்களில் வழக்கம். இங்கே துண்டு தலைக்கு ஏறியது. பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி. இருபுறமும் விளக்கு. கும்பிடுகிறவன் தன் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும், அதுவும் தலைப்பாகையோடு. "எல்லார்க்குள்ளும் இறைவன்" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட இது புரியும்.

நிழல் தாங்கல்களில் (அய்யாவழியின் சிறு வழிபாட்டிடங்கள்) உம்பான் சோறு உண்டு. அரிசியும் காய்கறியும் எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஆக்குவது. இவருக்கு இது, அவருக்கு அது என்று பிரித்துப் போட வழியே இல்லாத சமையல். #1 ஐயா, உங்களுக்கு இலைச்சாப்பாடு கஷ்டம் என்றால் இந்த வழியை யோசியுங்கள்.

#9 | அண்டாகுண்டா

#8 சொல்வது நடைமுறையில் மிகச் சரி. கூட்டுச் சோறு ஆக்கினால் 200 பேருக்கு அரிசி 18 கிலோ, பருப்பு 6 கிலோ, காய் 16 கிலோ போதும். பரிமாற இரண்டே ஆள். கலந்த சோற்றில் நான்காம் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாது, ஊற்றினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரே கஷ்டம் அடிப்பிடிப்பது. தண்ணீர் அரிசி பருப்பு கனத்துக்கு நான்கு பங்கு வைத்து, பருப்பு முக்கால் வேக்காட்டுக்கு வந்த பிறகு அரிசியைப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். உப்பும் புளியும் கடைசியில். புளி முன்னால் விழுந்தால் பருப்பு வேகாமல் கல்லாகக் கிடக்கும்.

#10 | மலையாளக்கரை

கண்ணாடி விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. நாராயண குருவும் 1927இல் களவங்கோடத்தில் கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செய்தார். பின்பக்க ரசத்தைச் சுரண்டி "ஓம் சாந்தி" என்று எழுத்துத் தெரியும்படி செய்தது. அருவிப்புரத்துக் கல்லிலிருந்து களவங்கோடத்துக் கண்ணாடி வரைக்கும் 39 வருஷம்.

ஆனால் குரு சொன்னது எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டதும் இல்லை. அவர் சீடர் சகோதரன் ஐயப்பன் 1917 மே மாதம் செறாயியில் மிச்ரபோஜனம் நடத்தினார். ஈழவர்களும் புலையர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, அவ்வளவுதான் நிகழ்ச்சி. சாப்பிட்டது பலாக்கொட்டையும் கடலையும் போட்ட கறி. அதற்காகச் சொந்தச் சாதிக்காரர்களே அவரைப் "புலையன் ஐயப்பன்" என்று ஏசினார்கள். அவர் அந்தப் பேரை மறுக்கவில்லை, பட்டமாக வைத்துக்கொண்டார். பிராமணனிடம் சமத்துவம் கேட்கிற சாதி, தனக்குக் கீழே இருப்பவனோடு இலை போட மறுத்த இடம் அது. உங்கள் கமிட்டிக்கும் இந்தக் கேள்வியைப் போடுங்கள். சமபந்தி என்றால் மேலே பார்த்தா, கீழே பார்த்தா?

#11 | நேர்கோடு

எல்லாரும் நாசூக்காக ஒதுங்குகிற விஷயத்தை நான் கேட்டுவிடுகிறேன். #1இல் சொன்ன இரண்டாவது போர்டு. ஞானசபை வாசலில் "கொலை புலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்" என்று இருக்கிறது. இந்த நாட்டில் புலால் உண்பதும் சாதியும் பின்னிக்கிடக்கின்றன. மாட்டுக்கறி யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடாததைப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிறப்பைக் கேட்காமல் சாப்பாட்டைக் கேட்டால், வேறு வாசல் வழியாக அதே கேள்வி உள்ளே வந்துவிடுகிறது. இதில் ஒருமைப்பாடு எங்கே?

#12 | கருங்குழி_விளக்கு

கேள்வி நியாயம். நழுவாமல் பதில் சொல்கிறேன்.

வள்ளலார் பாட்டிலேயே பிரிவு இருக்கிறது. உயிர்க்கொலையும் புலைப்புசிப்பும் உடையவர்கள் உறவினத்தார் அல்லர், புறவினத்தார் என்கிறார். இதை மறைக்கிற சன்மார்க்கிகள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த மூச்சில், அவர்களுக்கும் பசி தவிர்த்தல் செய்க என்கிறார். அதாவது இரண்டு இடம், இரண்டு விதி. தருமச்சாலையில் நிபந்தனை கிடையாது. பசி ஒன்றே அனுமதிச்சீட்டு. சபையில் நிபந்தனை உண்டு, அது ஒழுக்கம் பற்றியது, பிறப்பு பற்றியது அல்ல. பிறப்பை மாற்ற முடியாது, உணவை இன்று மாலையே மாற்றலாம்.

ஆகவே சபை வாசலில் இருக்கும் வரியைச் சாப்பாட்டு மண்டப வாசலில் ஒட்டுவது வள்ளலார் வழியே அல்ல. #1 ஐயா கமிட்டிக்கு இதைச் சொல்லிவிடலாம். பந்திக்கு வருகிறவரிடம் "நீங்கள் சைவமா" என்று கேட்பதும் அதே தப்புதான்.

#13 | நேர்கோடு

#12 சாலைக்கான பதில் ஒப்புக்கொள்கிறேன். சபைக்கான பதில் ஒப்பவில்லை. "மாற்றிக்கொள்ளலாம்" என்பது மாற்றத் தேவையில்லாதவன் சொல்வது. மற்றவனிடம் தன் வீட்டுச் சட்டியைக் கழுவச் சொல்கிறோம். உயிர்க்கொலை வேண்டாம் என்ற காரணம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் அதற்குச் சமூக விலை ஒன்று இருக்கிறது, அதை ஒரே சாரார் கொடுக்கிறார்கள். அதை மட்டும் பதிவு செய்துவைக்கிறேன்.

#14 | கருங்குழி_விளக்கு

பதிவாகட்டும். ஆட்டையும் கோழியையும் "உயிர்" என்ற கணக்கில் சேர்த்தவர், அவற்றைத் தின்கிறவனை எங்கே நிறுத்துவது என்று திணற வேண்டியிருந்தது. திணறல் அவர் எழுத்திலேயே தெரிகிறது. நாம் தீர்த்துவைக்க முடியாது.

சபை பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 1872 ஆடி மாதத்தில் ஞானசபைக்கு அவர் எழுதித் தந்த ஏற்பாட்டை நுணுக்கமாகப் படியுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம், தகரக்கண்ணாடி விளக்கு போதும். உள்ளே தூசு துடைக்கப் போகிறவர் 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர் அல்லது 72 வயதுக்கு மேற்பட்ட பெரியவர். நான்கு நாளைக்கு ஒரு தடவை, காலில் துணி சுற்றிக்கொண்டு, முழங்காலிட்டுத் துடைக்க வேண்டும். திறவுகோல் யார் கையிலும் இருக்கக்கூடாது. அதை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியைப் பொற்சபைக்குள் வைத்து, பெட்டியின் சாவியை மட்டும் காவல் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

இது வெறும் பூட்டு விவகாரமல்ல. கருவறைக்குள் யார் போகலாம் என்பதற்கு நம் நாட்டில் ஒரே விடைதான் இருந்தது: இன்ன குலத்தில் பிறந்தவர். இவர் குலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயதை வைத்தார். வயது யாருக்கும் சொத்தல்ல. 12 தாண்டினால் பையன் வெளியே வந்துவிட வேண்டும், 72 தாண்டியவர் எத்தனை காலம் இருப்பார்? பரம்பரை பாத்தியதை உண்டாக வழியே இல்லாத ஏற்பாடு.

#15 | சட்டப்புள்ளி

வழியே இல்லாத இடத்திலும் வழி உண்டானதுதான் பிற்கால வரலாறு. வள்ளலார் அறைக்குள் போய் மறைந்த 1874 ஜனவரி 30க்குப் பிறகு பரம்பரை அர்ச்சகர் முறை சபைக்குள் வந்தது, லிங்க வழிபாடும் வந்தது. 2006இல் அறநிலையத்துறை அது வள்ளலார் வகுத்த முறைக்கு மாறானது என்று உத்தரவிட்டது, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

பூசத்துறை ஐயாவுக்குப் பாடம்: உங்கள் விதிகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆண்டுதோறும் வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். "நம்ம எல்லாருக்கும் தெரியுமே" என்பது இரண்டாவது செயலாளர் வரும்வரைதான் தாங்கும்.

#16 | இரண்டு_உள்ளங்கை

சீக்கியர்களின் லங்கர், அதாவது குருத்வாராவில் எல்லாருக்கும் போடும் இலவசச் சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. குரு அமர்தாஸ் காலத்து விதி, முதலில் பங்கத், பிறகு சங்கத். அதாவது குருவைப் பார்க்க வேண்டுமா, முதலில் வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. அக்பரும் அப்படி உட்கார்ந்ததாகவே அவர்கள் மரபு சொல்கிறது. ரொட்டி தரும்போது ஒரு கையை நீட்டினால் தரமாட்டார்கள், இரண்டு உள்ளங்கையும் விரித்து வாங்க வேண்டும், கோடீஸ்வரனாக இருந்தாலும். பொற்கோயிலில் நாளொன்றுக்குப் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். பாத்திரம் கழுவுவதும் வெளியே செருப்பு வாங்கி வைப்பதும் சேவையிலேயே உயர்ந்தவை. வசதியானவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கிச் செய்கிறார்கள்.

புகழ்ந்துவிட்டுப் போகக்கூடாது: அதே பஞ்சாபில் சாதிக்கொரு குருத்வாரா உள்ள கிராமங்களும் ஏராளம். ஒன்றாகச் சாப்பிட்டதால் சாதி கரைந்துவிடவில்லை. சுடுகாடும் நிலமும் வேறாகவே இருந்தால் பந்தி மட்டும் என்ன செய்யும்?

#17 | பூசத்துறை

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது போர்டு இல்லை என்று கமிட்டியில் வாதாடப் போகிறேன். சமபந்தியில் வழக்கமாக எங்கே சறுக்கும் என்று இன்னும் கொஞ்சம் கறாராகச் சொன்னால் அதையும் தீர்மானத்தில் சேர்த்துவிடுவேன். மூட்டுவலிக்காரர்களுக்கு நாற்காலி போடலாமா என்பதும் ஒரு கேள்வி.

#18 | அண்டாகுண்டா

கறாராகவே சொல்கிறேன்.

உபயதாரர் பந்தி. பணம் கொடுத்தவர் குடும்பத்தோடு முதல் பந்தியில் நடுவில் உட்காருவார், படம் எடுப்பார்கள். உபயதாரர் கடைசிப் பந்தி என்று வைத்துவிடுங்கள். சாம்பார் தரம் தானாக நிற்கும். இந்த ஒரு விதி பத்துப் பிரசங்கத்துக்குச் சமம்.

பார்சல். "அவங்க உள்ள வர கூச்சப்படுவாங்க, வாசல்லயே பொட்டலம் குடுத்துடலாம்" என்று யாராவது ஒருவர் கருணையோடு சொல்வார். அந்த "அவங்க" யார் என்று பாருங்கள். பார்சல் வேண்டுமென்றால் எல்லாருக்கும் பந்தி முடிந்து ஒரே ஜன்னலில்.

தண்ணீர். டிரம்மின் மேல் ஒரே செம்பு வைத்து, தூக்கிக் குடிக்கச் சொல்லாதீர்கள். சுகாதாரம் என்று பேர், பழைய டீக்கடை இரட்டைக் குவளையின் மிச்சம் அது. 50 இலைக்கு 60 எவர்சில்வர் டம்ளர், ஒரு தொட்டியில் சோப்பு நீர், ஒன்றில் நல்ல நீர், மூன்றாவதில் வெந்நீர். இரண்டு ஆள் ஓடிக்கொண்டே கழுவலாம்.

கரண்டி உயரம். இதை யாரும் கவனிப்பதில்லை. சிலருக்குக் கரண்டி இலையை ஒட்டிக் குனிந்து வரும், சிலருக்கு முழங்கை உயரத்திலிருந்து சோறு "தொப்" என்று விழும். பரிமாறுபவருக்கே தெரியாமல் நடப்பது. இலைக்கு நாலு விரற்கடை மேலே கரண்டி நிற்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வாளி 5 லிட்டருக்கு மேல் வேண்டாம், கனமாக இருந்தால் குனிய மாட்டார்கள்.

சமையலறை. சாப்பிட எல்லாரும் ஒன்று, சமைக்க மட்டும் "நம்மாள்" என்று இருந்தால் பாதிச் சமபந்திதான். காய் நறுக்குவதும் உலை வைப்பதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிடுங்கள். சுத்தத்துக்கு விதி வையுங்கள்: கை கழுவு, நகம் வெட்டு, தலையில் துணி கட்டு. விதி கைக்குத்தான், ஆளுக்கு இல்லை.

#19 | முத்திரிக்கிணறு

தலையில் துணி என்றதும் எங்கள் தலைப்பாகை ஞாபகம் வந்துவிட்டது. :)

நாற்காலிக்குப் பதில்: போடலாம். ஆனால் தனியாக ஓரத்தில் மேசை போட்டால் அது அப்படியே பிரமுகர் மேசை ஆகிவிடும், இரண்டாவது மாதமே. தரைப்பந்தியின் அதே வரிசையில், கடைசி ஆறு இடம் பெஞ்சும் மேசையும். முட்டி வலிக்கிறவர் கேட்டு உட்காரட்டும், வேட்டி வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக யாரையும் கைப்பிடித்து அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

#20 | நேர்கோடு

எச்சில் இலையை யார் எடுப்பது? இன்னும் யாரும் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் சமபந்தி அந்த இடத்தில்தான் உடையும். இதற்கென்று ஒரு அம்மாவைக் கூலிக்கு அமர்த்துவார்கள், அவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பந்தி முடிந்ததும் அவர் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

"அவரவர் இலையை அவரவர் எடுக்கட்டும்" என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. வயதானவர் வழுக்கி விழுவார், ரசம் கொட்டும், கூட்டம் முட்டும்.

#21 | சட்டப்புள்ளி

#20 தீர்மான வாசகமாகவே தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இலை எடுத்தலும் தரை துடைத்தலும் கூலிக்கு விடப்படாது. ஒவ்வொரு பந்திக்கும் ஐந்து பேர். அன்றைய பூசத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவர் பெயரும் சீட்டில் எழுதப்பட்டுக் குலுக்கப்படும். தலைவர், செயலாளர், பொருளாளர், உபயதாரர் பெயர்களும் அதில் இருக்கும். சீட்டு எடுத்தவர் ஆள் மாற்றக்கூடாது."

கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் தலைவர் சீட்டுக்குத் தலைவர் வீட்டு டிரைவர் இலை எடுப்பார்.

#22 | பூசத்துறை

எழுதிக்கொண்டேன். ஐந்து பேருக்கு எத்தனை கூடை, எத்தனை வாளி வேண்டும்?

#23 | அண்டாகுண்டா

மூங்கில் கூடை இரண்டு, பெரிது. பிளாஸ்டிக் கூடையில் ரசம் தேங்கி அடியில் வழுக்கும். இரண்டு பேர் இலையை உள்பக்கமாக மடித்துப் போட்டுக்கொண்டே போக, ஒருவர் கூடையை இழுக்க, இரண்டு பேர் பின்னாலேயே துணியும் வாளியுமாக. 50 இலைக்கு 6 நிமிடம். நீர்வாளி இரண்டு, ஒவ்வொரு பந்திக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். இலை எல்லாம் மாட்டுக்குப் போகட்டும், ஆனால் ஊறுகாய்ப் பாக்கெட் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.